கூர் தீட்டும் உறை

எங்கள் வீட்டில் தக்காளியை நறுக்க முடியாது, நசுக்கத்தான் முடியும். வருகிற விருந்தாளிகள் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சமையலறையில் மூன்று கத்திகள் இருந்தன. மூன்றும் மழுங்கல். அரிவாள்மணையை அம்மா போன மறுமாதமே பழைய இரும்பு வாங்குகிற கபாடிவாலாவிடம் போட்டுவிட்டேன். அலட்சியம் என்று நினைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். அது நான் யோசித்துச் செய்திருந்த ஏற்பாடு.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் கத்திதான்.

நீங்கள் விழுப்புரம் பக்கம் என்றது நல்லதாகப் போயிற்று. முதல் இரண்டு நாளும் வந்த சப்-இன்ஸ்பெக்டரிடம் ஹிந்தியில் பேசினேன். நாலு வயதில் அப்பாவோடு சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்தவள் நான். ஹிந்தியில் எனக்குப் பொய் சரளமாக வருகிறது. தமிழில் யாராவது நிறுத்தி நிதானமாகக் கேட்டால் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டு மொழி அப்படி.

என் பெயர் ராஜலக்ஷ்மி. வயது அறுபது. பேங்கிலிருந்து ரிடையர் ஆனவள். ஜனக்புரியில் இரண்டாவது மாடியில் நானும் என் தங்கை ஹம்சாவும் இருக்கிறோம். அவள் என்னைவிட ஒன்பது வயது சின்னவள். இன்ஸூரன்ஸ் ஆபீஸில் வேலை. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் இதயத்தைக் கெடுத்துவிட்டுப் போயிற்று. இருபத்தொன்பது வயதில் உள்ளே உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தத்தை இளக்கும் மாத்திரை, ஆயுசு முழுக்க. அளவு கொஞ்சம் குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் கூடினால் பல் தேய்த்தால்கூட ரத்தம் வரும். காயம் பட்டால் நமக்கு நிற்பதுபோல அவளுக்கு நிற்காது.

ஆகவே வீட்டில் கூரான பொருள் எதுவும் இல்லை. மேஜை முனைகளுக்கு ரப்பர் ஒட்டினேன். மாத்திரை டப்பா என் அலமாரியில். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் நான் எடுத்து அவள் உள்ளங்கையில் வைப்பேன், அவள் பார்க்காமலே வாயில் போட்டுக்கொள்வாள். எத்தனை பேருக்கு அப்படி ஒரு நம்பிக்கை அமையும், சொல்லுங்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. நானாகவேதான் வேண்டாம் என்றேன். ஹம்சாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

ஸ்ரீதர் வந்தது போன ஐப்பசியில்.

ஆர்.கே.புரம் மலைமந்திர் முருகன் கோயிலில் சஷ்டிக்கு அன்னதானம் போடுவார்கள். காய் நறுக்க நம்மவர்கள் பலபேர் போவார்கள். அவரவர் கத்தியை அவரவர் கொண்டுபோகவேண்டும். எனக்கு அன்று முதுகுவலி. ஹம்சா தனியாகப் போனாள், எங்கள் வீட்டு மழுங்கல் கத்தியோடு. பக்கத்தில் உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தவர் இந்த ஸ்ரீதர். ஏதோ அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரி. மனைவி தவறிப்போய் ஆறேழு வருஷம் ஆகிறது. பெண் கனடாவில்.

ஹம்சா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அந்தக் கதையைச் சொன்னாள்.

"அக்கா, அந்த மனுஷர் என் கத்தியப் பார்த்துட்டு, 'என்ன இது, கத்தியா கரண்டியா?'ங்கறார். எங்காத்துல இப்படித்தான், அக்கா ரூல்னேன். 'கேரட் பாவம், அதுக்கு வலிக்கறது பாருங்கோ. ஒரே வெட்டா போனா அதுக்கும் நிம்மதி'ங்கறார். எல்லாரும் சிரிக்கறா. எனக்கு மானமே போயிடுத்து."

மானம் போனவள் மாதிரி அவள் முகம் இல்லை. அவர் சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். வேறு யார் குரலையும் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

கார்த்திகையில் அவர் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு பார்சல். பூவோ பழமோ கொண்டுவருவார்கள், இவர் கத்தி கொண்டுவந்தார். கறுப்பு உறையோடு கூடிய சமையல் கத்தி. சாதாரண உறை இல்லை அது. வாய்ப் பக்கத்தில் இரண்டு பீங்கான் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பதித்திருக்கிறார்கள். கத்தி உள்ளே போகும்போது இரண்டு பக்கமும் உரசும், வெளியே வரும்போதும் உரசும்.

"தனியா சாணை பிடிக்கவே வேண்டாம். போறச்சயும் தீட்டும், வரச்சயும் தீட்டும். நாம ஞாபகம் வெச்சுக்க வேண்டியது ஒண்ணுதான். வேலை முடிஞ்ச கையோட உறையில போட்டுடணும்" என்றார்.

இழுத்துக் காட்டினார். ஸ்ரக் என்று ஒரு சத்தம். பல்லைக் கடித்துக்கொள்கிற மாதிரி.

எனக்கு அந்த நிமிஷமே உறுத்தியது. உறை என்பது கத்தி ஓய்ந்து கிடக்கிற இடம். அதற்குள்ளேயும் கூர் ஏற்றிக்கொண்டிருக்கிற கத்தியை நான் பார்த்ததில்லை. அதையும், ரத்தம் நிற்காத ஒரு பெண்ணுக்குப் பரிசாகக் கொடுக்கிற ஆளை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

"இவளுக்கு உடம்பு எப்படின்னு தெரியுமோ உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியும் அக்கா. அதனாலதான் வாங்கினேன். மழுங்கல் கத்திதான் ஆபத்து. பலத்தைப் போட்டு அழுத்தறோம், வழுக்கி விரல்ல ஏறிடறது. கூரா இருந்தா அழுத்தவே வேண்டாம், அதுபாட்டுக்குப் போகும்."

என்னைவிட ஒரே ஒரு வயது சின்னவர், அக்கா என்றார். பதில் தயாராக வைத்திருந்து சொல்கிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு ஜாக்கிரதை உண்டு. பேங்கில் முப்பத்தைந்து வருஷம் இருந்தால் அது வந்துவிடும்.

அதற்குப் பிறகு அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனித்ததை எல்லாம் சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன், ஒன்றுகூடப் பொய் இல்லை. வருகிறபோதெல்லாம் கத்தியை எடுத்துக் கட்டை விரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார். கூர் போதுமா என்று பார்க்கிறாராம். ஹம்சாவிடம் மாத்திரையின் பெயரைக் கேட்டார். எவ்வளவு என்று கேட்டார். ரத்தப் பரிசோதனைத் தாளைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்டார். "எல்லாம் அக்கா பார்த்துப்பா" என்று அவள் சொன்னதும், என் அலமாரியை ஒரு பார்வை பார்த்தார். எதற்காக ஒரு மனிதருக்கு இதெல்லாம் தெரியவேண்டும்? நீங்களும் போலீஸ்தான். உங்களுக்குச் சந்தேகம் வராதா?

ஒருநாள் அவர் போன பிறகு கத்தியை உறையோடு அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். மறுநாள் ஹம்சா கண்டுபிடித்துவிட்டாள். திட்டவில்லை. சிரித்தாள்.

"என்னக்கா, நெல்லிக்காய்க் களவாணி மாதிரி. வா, வந்து பாரு."

தக்காளியை ஒரு வில்லை நறுக்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். அத்தனை மெல்லிசு. வெளியே இருந்த வேப்பமரம் சிவப்பாக அதற்குள் தெரிந்தது.

"ஐம்பத்தொரு வயசுல தக்காளி நறுக்கக் கத்துண்டேன். யார்கிட்டயாவது சொன்னா நம்புவாளா?"

அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சந்தோஷத்தில் இருப்பவர்களுக்குக் கைதான் முதலில் தவறும்.

மாசி பிறந்ததும் விஷயத்தைச் சொன்னாள். பங்குனியில் அவருக்கு ரிடையர்மெண்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். ஸ்ரீரங்கத்தில் வீடு வாங்கி வைத்திருக்கிறார். கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு, ரிஜிஸ்டர் செய்துவிட்டு, இரண்டு பேரும் ரயில் ஏறுவதாக முடிவாம். ஹம்சா விருப்ப ஓய்வுக்குக்கூட எழுதிக் கொடுத்துவிட்டாள். எனக்குத் தெரியாமல்.

"நீயும் வாயேன் அக்கா. கீழ்போர்ஷன் காலியாத்தான் கிடக்காம்."

"யார் வீட்டுக் கீழ்போர்ஷன்லயும் இருந்து எனக்குப் பழக்கமில்ல."

"சரி, அப்போ ஒண்ணு பண்ணு. மாத்திரை டப்பாவ என்கிட்ட குடுத்துடு. இப்பவே பழகிக்கறேன். அங்க போய் யாரைக் கேட்பேன்?"

யாரோ சொல்லிக்கொடுத்த பேச்சு அது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. "அடுத்த வாரம் தரேன்" என்றேன்.

மேடம், ஆஸ்பத்திரியில் அவள் ரத்தத்தைப் பரிசோதித்தபோது அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது என்று டாக்டர் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். ஒருநாள் தவறிப் போட்ட மாத்திரையால் அப்படி ஏறாது என்றாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்த வாரம் முழுக்கக் கூட்டித்தான் கொடுத்தேன். அவள் வழக்கம்போலப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டாள்.

இது புதிதா என்று கேட்பீர்கள். புதிது இல்லை. வால்வு வைத்த சில வருஷத்தில் அவளுக்குச் சென்னைக்குப் பிரமோஷன் வந்தது. போகத் துடித்தாள். போகிற வாரத்தில் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பிரமோஷனை அவளே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். இன்னொரு வருஷம் ஆபீஸில் எல்லோருமாகப் பத்ரிநாத்துக்கு டிக்கெட் போட்டார்கள். ஈறில் கசிவு வந்தது. வீட்டிலேயே இருந்தாள். கஞ்சி வைத்துக் கொடுத்தேன், இரண்டு பேரும் டிவியில் பத்ரிநாத் பார்த்தோம். நல்ல வாரம் அது.

அளவு எனக்கு அத்துபடி. உயிருக்கு ஒன்றும் வராமல், படுக்கையில் இருக்கிற அளவுக்கு. டாக்டர்களுக்கு அந்த நிதானம் வராது. அவர்கள் அவளை வருஷத்துக்கு நாலு தடவை பார்க்கிறார்கள், நான் தினமும் பார்க்கிறேன்.

ஆனால் இந்தத் தடவை மூக்கில் வருவது போதாது என்று தோன்றியது. ஸ்ரீதர் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து, குணமானதும் கூட்டிக்கொண்டு போகிற ரகம். அந்தக் கத்தியாலேயே அடிபட்டால்தான் ஹம்சாவுக்கு உறைக்கும். என்னதான் ஆசையாகக் கொடுத்தாலும் அவருடைய பொருள் ஆபத்து, அக்காவின் மழுங்கல் கத்திதான் பத்திரம் என்று அவளுக்கே தெரியவேண்டும். என் நோக்கம் அவ்வளவுதான். இதை எழுதிக்கொள்கிறீர்கள் அல்லவா?

பகலில் அவள் ஆபீஸ் போன பிறகு அந்தக் கத்தியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இழுப்பேன், போடுவேன். ஸ்ரக், ஸ்ரக். வேறொன்றும் செய்யவேண்டியதில்லை, அதுவே தீட்டிக்கொண்டது. முதலில் பிடிக்காத அந்தச் சத்தம் போகப்போகப் பழகிவிட்டது. சமையலறையில் யாரோ கூட இருக்கிற மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலையில் மார்க்கெட்டில் ஒரு முழு வெள்ளைப் பூசணிக்காய் வாங்கினேன். கடைக்காரன் பத்தை போட்டுத் தருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். கையில் ஆழமாகப் பட்டதற்கு ஒரு காரணம் வேண்டும். வெண்டைக்காய் நறுக்கும்போது யாருக்கும் அவ்வளவு படாது. பூசணித் தோல் கெட்டி, கத்தி சறுக்கும், யாரும் நம்புவார்கள். அதைப் பையோடு சிங்குக்கு அடியில் வைத்தேன்.

மத்தியானம் ஸ்ரீதர் வந்தார். கோயில் பிரசாதம் கொடுத்தார். கொய்யாப்பழம் நறுக்கி மூன்று பேருக்கும் வைத்தார், கத்தியைக் கழுவி, துடைத்து, உறையில் போட்டுவிட்டுக் கிளம்பினார். ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்றாம். லோயர் பெர்த் கிடைத்ததைப் பெரிய வெற்றியாகச் சொன்னார். ஹம்சா வாசல்வரை போய்விட்டு வந்து ராத்திரி சமையலுக்கு வெண்டைக்காயை எடுத்து மேடையில் பரப்பினாள்.

"அக்கா, கத்திய எடு."

எங்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் சண்டை வரும் என்பார் அப்பா. மேடையில் வைப்போம், மற்றவர் எடுத்துக்கொள்வார். அன்று நான் உறையிலிருந்து உருவி நேராக நீட்டினேன். அவளும் பேச்சு சுவாரஸ்யத்தில் கையை நீட்டினாள். இடது கை. உள்பக்கம், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே.

அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. கூராக இருந்தால் அதுபாட்டுக்குப் போகும் என்று ஸ்ரீதர் சொன்னது உண்மைதான்.

ஹம்சா கத்தவில்லை. கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அச்சச்சோ... பரவால்ல அக்கா, பரவால்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன். நீ பயந்துக்காதே. டவல் எடு. ஆம்புலன்ஸுக்கு ஜல்தி போன் பண்ணு."

பாருங்கள், அந்த நேரத்திலும் என்னைத்தான் தேற்றினாள். அப்படிப்பட்டவளை ஒரு வெளி மனிதர் ரயிலில் ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தார்.

துண்டைச் சுற்றினேன். இறுக்கிச் சுற்றவில்லை. படுக்கையறைக்கு நடத்திக்கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன்.

"போன் பண்ணியா அக்கா?"

"பண்ணிட்டேன்."

பண்ணவில்லை. எனக்குச் சமையலறையில் வேலை இருந்தது.

பூசணிக்காயை எடுத்து மேடைமேல் வைத்த பிறகுதான் ஒரு சங்கடம் வந்தது. நீங்கள் தமிழ்நாட்டுப் பெண், உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. முழுப் பூசணியைப் பெண்கள் உடைக்கக்கூடாது. ஒரு ஆண் முதல் வெட்டு வெட்டிக் கொடுக்கவேண்டும், அப்புறம் யாரும் நறுக்கலாம். அப்பா இருந்தவரை அவர் செய்தார். அவருக்குப் பிறகு கீழ்வீட்டு மாணிக்கவாசகத்தைக் கூப்பிடுவோம். ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர், திருநெல்வேலிக்காரர். ஒரு வெட்டு வெட்டிவிட்டு காப்பி குடித்துவிட்டுப் போவார். "பாகிஸ்தான் பார்டர்ல நின்னவன தாயி, இப்ப பூசணிக்காய்க்குத் தூக்குத் தண்டனை குடுக்கக் கூப்பிடுதிய" என்பார். வருஷம் பூராவும் இதே பேச்சு.

அன்று அவரைக் கூப்பிட முடியாது. கத்தியைக் கையில் எடுத்தேன், காயில் வைத்தேன், கை நடுங்கியது. ஆமாம் மேடம், அதுவரை நடுங்கவில்லை. அப்போதுதான் நடுங்கியது. பரம்பரையாகச் செய்யாத காரியம், வீட்டுக்கு ஆகாது.

பிறகு ஒரு வழி தோன்றியது. அப்பாவின் கை படட்டும் என்று நினைத்தேன். ஹாலில் அவர் படம் மாட்டியிருக்கிறது. படத்துக்கு முன்னால் வெறும் கத்தியை நீட்டக்கூடாது என்று அதை உறையில் போட்டேன். ஸ்ரக். எடுத்துக்கொண்டு போய்ப் பிடியைப் படத்தில் தொட்டு, "நீங்களே உடைச்சதா வெச்சுக்கோங்கோ அப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் கை நின்றுவிட்டது. ஒரே வெட்டு, பூசணி இரண்டாகப் பிளந்தது. கத்தியைப் பக்கத்தில் போட்டேன்.

உள்ளேயிருந்து ஹம்சா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "வண்டி வந்துடுத்தா அக்கா?" "வந்துண்டிருக்கு." "எங்க இருக்காளாம்?" "டிராஃபிக்காம்." நானும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அவளை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது. கடைசியாகக் கேட்டது, "அவருக்குச் சொல்லிட்டியா?" என்று. அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.

குரல் நின்றபிறகு போன் செய்தேன்.

சப்-இன்ஸ்பெக்டரிடம் நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். வந்து பார்த்தால் பூசணி பிளந்து கிடந்தது, ஹம்சா ரத்தத்தில், ஸ்ரீதர் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தார் என்றேன். விபத்து என்றுதான் சப்-இன்ஸ்பெக்டர் எழுதியிருப்பார். ஆனால் உறையைத் திருப்பிப் பார்த்தார். தீட்டுகிற குச்சிகளுக்கு நடுவில் ரத்தம் ஒட்டியிருந்தது. கை அறுபட்டவள் கத்தியை உறையில் போட்டு, மறுபடி உருவி மேடையில் போடுவாளா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கெட்டிக்காரப் பையன். "இந்த வீட்டில் கத்தியை உடனே உறையில் போடுகிற பழக்கம் யாருக்கு?" என்று கேட்டார்.

நான் உண்மையைச் சொன்னேன். ஸ்ரீதருக்கு.

அன்று சாயங்காலமே அவரை அழைத்துப் போய்விட்டார்கள். அவர் போனில் மாத்திரையின் பெயரும், ரத்தப் பரிசோதனைப் படமும் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு அவர் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. நான் யோசித்துச் செய்தது இல்லை அது. வந்ததை வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிறகு நீங்கள் வந்தீர்கள். மூன்றாம் நாள் ஹம்சா கண் திறந்தபோது பக்கத்தில் இருந்தது நீங்கள். "நானேதான் வெட்டிண்டேன்" என்றாளாம். எனக்குப் பெருமையாக இருந்தது, அக்காவை விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள். ஆனால் நீங்கள் விடவில்லை. "பூசணிக்கா வெட்டும்போதாம்மா?" என்று கேட்டீர்கள்.

"எந்தப் பூசணிக்காய்?" என்றாளாம் ஹம்சா.

பாவம், அவள் அதைப் பார்க்கவே இல்லையே.

நேற்று நீங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு வார்த்தை மிரட்டவில்லை. கீழே சுபேதாரிடம் பேசிவிட்டு வந்திருந்தீர்கள். "இந்த வீட்டுக் காய்க்கு முதல் வெட்டு எம் பேர்லதான். அன்னைக்கு என்னக் கூப்பிடவே இல்லியே" என்று அவர் சொன்னாராம். காப்பி போயிற்றே என்று அவருக்கு வருத்தம் போல. நீங்கள் ஹாலில் நின்று அப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சட்டத்தின் கீழ்மூலையில் ஒரு சிவப்புத் தீற்றல். சப்-இன்ஸ்பெக்டர் அதைக் குங்குமம் என்று நினைத்து விட்டுவிட்டார். நெற்றியில் வைக்கிற குங்குமத்தை யாரும் சட்டத்தின் மூலையில் வைக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை. உங்களுக்குத் தெரிந்தது.

"சொல்லுங்கம்மா. பூசணிக்காய யாரு ஒடைச்சது?" என்றீர்கள். அவ்வளவுதான். தமிழில், நிதானமாக. அதனால் சொல்லிவிட்டேன். அப்பா உடைத்தார் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் வெட்டியது நான்தான். இரண்டையும்.

ஸ்ரீதரை விட்டுவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் ஹம்சாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாராம். மாத்திரை விஷயத்தை, சென்னைப் பிரமோஷன் உட்பட, எல்லாவற்றையும் நீங்கள் அவளிடம் சொல்லியாயிற்று. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள் என்றீர்கள். அப்புறம் பார்வையாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னாளாம். மயக்க மருந்தில் இருப்பவர்கள் எதையாவது சொல்வார்கள். நான் பொருட்படுத்தவில்லை. அவள் உங்களிடம் கேட்டதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. வீட்டிலிருந்து இரண்டு புடவை எடுத்து வரச் சொன்னாள் அல்லவா? இரண்டே இரண்டு. ஊரைவிட்டே போகிறவள் இரண்டு புடவையா கேட்பாள்?

கையெழுத்து எங்கே போடவேண்டும், காட்டுங்கள். எல்லாப் பக்கத்திலும் போடுகிறேன். எனக்கு எத்தனை வருஷம் ஆகும் என்பதைப் பற்றிக் கவலையில்லை. திகார் ஜெயில் எங்கள் ஜனக்புரிக்கு எவ்வளவு பக்கம் என்று உங்களுக்குத் தெரியும், ஆட்டோவில் ஏறினால் இறங்கவேண்டியதுதான். ஸ்ரீரங்கத்திலிருந்து வாராவாரம் வந்து போக முடியுமா? ஆகையால் அந்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லி ஸ்ரீதரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், ஹம்சா இனி எங்கேயும் போகமாட்டாள்.